நினைவக அட்டையில் லினக்ஸ் நிறுவுதல்: எல்லைப்புறப் பள்ளிகளின் மழைப்பதிவுக்கு ஒரு பாடம்

கணிப்பொறி என்றவுடன் மேசைமீதுள்ள பெட்டியும் திரையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், இன்று உலகில் இயங்கும் கணிப்பொறிகளுள் பெரும்பாலானவை பிற கருவிகளினுள்ளே மறைந்திருந்து, தமக்கென விதிக்கப்பட்ட ஒரு வேலையை இரவும் பகலும் செய்து வருபவையாகும். இவற்றை உட்பொதி கருவிகள் என்பர். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பலகையைக் கொண்டே இத்தகைய கருவியொன்றைப் பள்ளியில் அமைத்துவிடலாம். அதற்கு உயிரூட்டுவது விரல்நகம் அளவேயான மெமரி கார்டு, அதாவது நினைவக அட்டை. அவ்வட்டையில் லினக்ஸ் என்னும் இயக்க முறைமையைப் பிழையின்றி எழுதுவது எங்ஙனம் என்பதும், எழுதியதை மின்தடையிலிருந்து காப்பது எங்ஙனம் என்பதும் இப்பாடத்தின் பொருளாகும். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழகத்தை ஒட்டிய பகுதிகளில் பணியாற்றும் களப்பணியாளரையும் தமிழ்வழி ஆசிரியரையும் கருத்திற்கொண்டு இது எழுதப்பட்டுள்ளது.

மழையை அளக்க ஒரு கருவி

இவ்வெல்லைப்புறத்தின் மழை இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடுவது. மூணாற்றில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். அங்கிருந்து சாலை வழியே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மறையூரோ மழைமறைவுப் பகுதி. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களில் நீர்ப்பற்றாக்குறை நெடுங்காலத் துன்பம். ஆகையால் ஓரூரின் மழையளவைக் கொண்டு அடுத்த ஊரின் மழையை ஊகித்தல் இயலாது; அந்தந்த இடத்திலேயே அளந்தறிதல் வேண்டும்.

இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி, சாதாரண மழைமானியில் சேர்ந்த நீர் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. கேரளத்தில் புவியியல் பாடம் நடைபெறும் மேல்நிலைப் பள்ளிகளில் சமக்ர சிக்ஷா கேரளம் அமைத்துள்ள வானிலை நிலையங்களும் மாணவர்களுக்கு இவ்வழக்கத்தைப் பயிற்றுவிக்கின்றன. இம்முறை எளியது, நம்பத்தக்கது. ஆனால் அது தருவது 24 மணி நேரத்தின் மொத்த அளவையே. 200 மில்லிமீட்டர் மழை நாள் முழுவதும் பரவலாகப் பெய்ததா, நள்ளிரவில் நான்கு மணி நேரத்தில் கொட்டியதா என்பதை அது கூறாது. மலைச்சரிவின் உறுதியோ மொத்த மழையை மட்டுமன்றி அதன் வேகத்தையும் பொறுத்தது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2020 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அருகே ராஜமலையைச் சேர்ந்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தமையால் செய்தி வெளியுலகை எட்டியது மறுநாட் காலையிலேயே. பள்ளியில் வைக்கும் சிறு கருவி நிலச்சரிவைத் தடுக்காது. முன்னறிவிப்புச் செய்யும் பொறுப்பும் அதனுடையதன்று. ஆயினும் ஒவ்வொரு மணியின் மழையையும் குறித்துவைத்த ஏடு ஒவ்வோர் ஊரிலும் இருக்குமாயின், அச்சரிவு எவ்வளவு மழையைத் தாங்கியது என்பதை அவ்வூராரே கற்றுக்கொள்ள முடியும். பெருமழை இரவில் முதலில் நிற்பது மின்சாரம். எனவே, மின்சாரம் உள்ளபோது மட்டும் நன்கு இயங்கும் கருவி நமக்கு வேண்டிய கருவியன்று. இக்கருத்தை மனத்திலிருத்தியே பின்வரும் படிகளைச் செய்தல் வேண்டும்.

பலகையும் அட்டையும்

கேரளப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்விக்கென 2001 ஆம் ஆண்டு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியது. அது 2017 ஆம் ஆண்டு ‘கைட்’ என்னும் நிறுவனமாயிற்று. 2018 ஆம் ஆண்டு ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் தோன்றின. பள்ளிக் கணிப்பொறிகளில் லினக்ஸே வழங்கி வருவதால் ஆசிரியர்க்கு அதன் பெயர் புதிதன்று. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டு அதன் கருவை எழுதி வெளியிட்டார். யாவரும் நகலெடுக்கவும் திருத்தவும் உரிமை உள்ளதாகையால் அது உலகெங்கும் பரவியது.

பள்ளிகளுக்கு 2022 ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்ட ரோபோட்டிக் பெட்டிகளில் அர்டுயினோ ஊனோ என்னும் பலகை உண்டு. அதன் நிரலுக்கான இடம் 32 கிலோபைட் மட்டுமே. லினக்ஸ் அதில் இயங்காது. ராஸ்பெர்ரி பை என்னும் பலகை அதனின் வேறானது. 2012 ஆம் ஆண்டு பிரிட்டனில் விற்பனைக்கு வந்த இது முழுமையான ஒரு கணிப்பொறி. ஆனால் வன்தட்டு இதில் இல்லை. அதன் இடத்தை நினைவக அட்டையே வகிக்கிறது. அட்டையை எடுத்துவிட்டால் பலகை வெறும் தகடே.

மைக்ரோ எஸ்.டி. எனப்படும் இவ்வட்டையின் அளவு 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமுமாகும். திரையுடன் கூடிய முழு முறைமைக்கு 32 ஜி.பி. அட்டையும், திரையில்லா எளிய முறைமைக்கு 16 ஜி.பி. அட்டையும் பரிந்துரைக்கப்படுகின்றன. மழைப்பதிவுக்குப் பின்னது போதும். அட்டையின்மேல் வட்டத்துள் 10 என்ற எண் இருப்பின் அது விநாடிக்குக் குறைந்தது 10 எம்.பி. வேகத்தில் தொடர்ந்து எழுதும் எனப் பொருள். ‘ஏ 1’ என்ற குறி, சிதறிக் கிடக்கும் சிறு சிறு பகுதிகளைப் படிக்கவும் எழுதவும் அது ஏற்றது என்பதைக் காட்டும். இயக்க முறைமைக்கு இவ்விரண்டாம் குறியே மிக முக்கியமானது.

சந்தையில் போலி அட்டைகளும் உள. மேலே 64 ஜி.பி. என்று அச்சிட்டு உள்ளே 8 ஜி.பி. மட்டுமே இருக்கும். எழுதும்போது குறை தெரியாது. திரும்பப் படிக்கும்போதே தெரியும். ‘எஃப் 3’ என்னும் இலவச நிரல் அட்டை முழுவதையும் எழுதி, மீண்டும் படித்து, உண்மைக் கொள்ளளவைக் காட்டிவிடும். புதிய அட்டையை இவ்வாறு சோதித்த பின்னரே பயன்படுத்துதல் நன்று.

பிம்பம் என்பது யாது?

பென் டிரைவில் பாடக்கோப்பை நகலெடுப்பதுபோல் லினக்ஸையும் அட்டையில் நகலெடுத்துவிடலாம் என்று பலர் எண்ணுவர். அவ்வாறு செய்த அட்டை இயங்காது. காரணத்தை அறிந்துகொள்ளுதல் அவசியம்.

பலகைக்கு மின்சாரம் அளித்தவுடன் அதனுள் நிலையாகப் பொறிக்கப்பட்ட ஒரு சிறு நிரல் முதலில் விழிக்கிறது. அது அட்டையின் முதற்பிரிவைத் தேடி, அங்குள்ள தொடக்கக் கோப்புகளைப் படிக்கிறது. அவை லினக்ஸின் கருவை நினைவகத்தில் ஏற்றுகின்றன. கரு இரண்டாம் பிரிவைத் திறந்து மற்றெல்லா நிரல்களையும் தொடங்குகிறது. முதற்பிரிவு சிறியது, ‘ஃபேட்’ என்னும் எளிய அமைப்பினது. இரண்டாவது பெரியது, ‘எக்ஸ்ட் 4’ என்னும் அமைப்பினது. எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் அட்டவணை அட்டையின் தொடக்கத்திலேயே உள்ளது.

ஆகவே, கோப்புகள் மட்டும் போதா. அட்டவணையும் பிரிவுகளும் உரிய இடத்தில் அமைதல் வேண்டும். இவை அனைத்தையும் முதற் பைட்டிலிருந்து இறுதிப் பைட்டு வரை உள்ளவாறே அடக்கிய ஒரே கோப்பைப் பிம்பக் கோப்பு என்கிறோம். பிம்பத்தை அட்டையில் ‘எழுதுதல்’ என்பது, அந்த வரிசையை அப்படியே அட்டையின்மேல் பதித்தல். அட்டையில் முன்பிருந்த யாவும் அழியும்.

எழுதும் முறை

1. பள்ளிக் கணிப்பொறியில் ‘ராஸ்பெர்ரி பை இமேஜர்’ என்னும் நிரலை நிறுவுக. லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் இது இயங்கும். இணையம் மெதுவாக உள்ள மலையூர்களில், ஓரிடத்தில் இறக்கிய பிம்பக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று பல பள்ளிகளில் பயன்படுத்தலாம்.

2. இறக்கிய கோப்பு முழுமையானதா என்பதைச் சோதிக்க. வெளியிடுவோர் கோப்புடன் 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரிபார்ப்புக் குறியையும் தருவர். ‘ஷா 256’ என்னும் கணக்கின்படி நம் கணிப்பொறி அக்கோப்பிலிருந்து பெறும் குறியும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். கோப்பில் ஒரே பைட்டு மாறினாலும் குறி முற்றிலும் வேறாகிவிடும்.

3. அட்டையைக் கார்டு ரீடரில் செருகி, இமேஜரில் பலகையின் வகை, முறைமை, அட்டை ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுக்க. பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை, நாடு இந்தியா, நேர மண்டலம் கொல்கத்தா ஆகியவற்றை இங்கேயே குறித்துவிடலாம். எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லைத் தவிர்க்க.

4. எழுதி முடிந்ததும் இமேஜர் அட்டையை மீண்டும் படித்து ஒப்பிடும். நேரமாகிறது என்று இதனை நிறுத்திவிடலாகாது. பிம்பம் 4 ஜி.பி. எனக் கொள்வோம். விநாடிக்கு 10 எம்.பி. வீதம் எழுத 400 விநாடி, அதாவது ஏழு நிமிடத்துக்கும் குறைவு. ஒப்பிட மேலும் சில நிமிடங்கள். இச்சிறு பொறுமை பின்னர் ஒரு பருவ மழையின் பதிவைக் காக்கும்.

இமேஜர் இல்லாதவிடத்து லினக்ஸின் ‘டி.டி.’ என்னும் கட்டளையாலும் எழுதலாம். இங்கே மிகுந்த எச்சரிக்கை தேவை. டி.டி. எதனையும் வினவாது, நாம் குறிப்பிட்ட சேமிப்பகத்தின்மேல் உடனே எழுதிவிடும். அட்டைக்குப் பதிலாகக் கணிப்பொறியின் வன்தட்டின் பெயரைத் தந்துவிட்டால், பள்ளியின் மதிப்பெண் பட்டியலும் பாடங்களும் ஒருங்கே அழியும். இதனைத் தவிர்க்க எளிய வழி ஒன்றுண்டு. அட்டையைச் செருகுமுன் ‘எல்.எஸ்.பி.எல்.கே.’ கட்டளையால் சேமிப்பகங்களின் பட்டியலைக் காண்க. செருகிய பின் மீண்டும் காண்க. புதிதாய்த் தோன்றிய பெயரே அட்டை. அதன் கொள்ளளவும் பொருந்துகிறதா என்று பார்த்த பின்பே கட்டளை இடுக. இயலுமாயின் மற்றொருவரும் அருகிலிருந்து சரிபார்த்தல் நலம்.

இன்னுமோர் எச்சரிக்கை. எழுதிய அட்டையை விண்டோஸ் கணிப்பொறியில் செருகினால், அதற்கு முதற்பிரிவு மட்டுமே புரியும். இரண்டாம் பிரிவைக் கண்டு, ‘இதனை ஃபார்மட் செய்யவா?’ என்று அது வினவும். ‘வேண்டாம்’ என்பதே விடை. ‘ஆம்’ என்று அழுத்தினால் செய்த வேலை யாவும் வீண்.

முதல் இயக்கமும் விளக்குகளின் மொழியும்

அட்டையைப் பலகையில் செருகிய பின்னரே மின்சாரம் தருக. மூன்றாம் வகைப் பலகைக்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியரும், நான்காம் வகைக்கு 5 வோல்ட், 3 ஆம்பியரும் தரும் அடாப்டர் வேண்டும். பழைய கைப்பேசி சார்ஜர் போதாது. மின்னழுத்தம் தாழ்ந்தால் சிவப்பு விளக்கு மினுக்கும் அல்லது அணையும்.

முதன்முறை இயங்கும்போது முறைமை தன் இரண்டாம் பிரிவை அட்டையின் முழு அளவுக்கும் விரித்துக்கொள்ளும். எனவே சற்று நேரமாகும். இடையில் மின்சாரத்தை நிறுத்தலாகாது. பச்சை விளக்கு ஒழுங்கின்றிச் சிமிட்டுவது அட்டை படிக்கப்படுகிறது என்பதற்கு அடையாளம். அது நான்கு முறை சிமிட்டி, நின்று, மீண்டும் நான்கு முறை சிமிட்டினால் தொடக்கக் கோப்பு காணப்படவில்லை என்றும், ஏழேழு முறை சிமிட்டினால் லினக்ஸின் கரு காணப்படவில்லை என்றும் பொருள். இரண்டிலும் செய்யத்தக்கது அட்டையை மீண்டும் எழுதுதலே. திரை இல்லாத கருவியில் இவ்விளக்கே அதன் வாய்ச்சொல்.

பதிவேடு தமிழில்

சித்தூர் வட்டத்திலும் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்வழியில் பயிலும் மாணவர் பலர். அவர்களுக்குக் கேரள அரசு தமிழிலேயே பாடநூல்களை வழங்கி வருகிறது. கருவியின் பதிவேடு மட்டும் அவர்கட்கு அயன்மொழியில் இருக்கவேண்டிய காரணமில்லை. லினக்ஸ், யூனிகோடு எழுத்துமுறையைக் கையாளுவதால் ‘தேதி, நேரம், மழை’ என்று தமிழிலேயே தலைப்பிடலாம். அப்பதிவேட்டைப் பள்ளிக் கணிப்பொறியின் அட்டவணை நிரலில் திறக்கும்போது எழுத்துமுறையாக ‘யு.டி.எஃப். 8’ என்பதைத் தேர்ந்தால் எழுத்துகள் சிதையா. தமிழ் எழுத்துருவும், ‘ஐபஸ்’ வழியாகத் தமிழ் 99 விசைப்பலகையும் இலவசமாகவே கிடைக்கின்றன. தம் மொழியில் தலைப்பிட்ட எண்களை மாணவர் தமக்குரியனவாகக் கருதுவர் என்பது ஆசிரியர் அறிந்ததே.

மின்தடை ஏன் அட்டையைக் கெடுக்கிறது?

நினைவக அட்டையினுள் இருப்பது ‘நாண்ட்’ வகை ஃபிளாஷ் நினைவகம். ஃபிளாஷ் நினைவகம் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோகா 1980களில் கண்டறிந்தது. இதன் இயல்பொன்று நம் கவனத்துக்குரியது. சிறு சிறு பக்கங்களாக இதில் எழுதலாம். ஆனால் அழிப்பது பல பக்கங்கள் சேர்ந்த பெருந்தொகுதியாகவே இயலும்.

வகுப்பிலுள்ள கரும்பலகையை எண்ணிப் பாருங்கள். அதில் ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாது, முழுப்பலகையையே துடைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரியைத் திருத்த விரும்பும் ஆசிரியர், மற்ற வரிகளை எல்லாம் வேறொரு பலகைக்குப் பெயர்த்தெழுதிப் பின்னரே பழையதைத் துடைக்கவேண்டும். எந்தப் பாடம் எந்தப் பலகையில் உள்ளது என்னும் குறிப்பையும் மாற்றவேண்டும். அட்டையினுள்ளிருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு ஓயாது இப்பணியையே செய்கிறது. பாதிப் பெயர்ப்பில் மின்சாரம் போனால், திருத்திய வரி மட்டுமன்று, தொடாத வரிகளும் தொலைந்துபோகலாம். ‘எக்ஸ்ட் 4’ அமைப்பு தன் மாற்றங்களைக் குறிப்பேட்டில் எழுதித் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆயினும் சில்லினுள் நேரும் குழப்பத்தை அது அறியாது.

இதற்கு நான்கு காப்புகள் உள.

முதலாவது, முறைப்படி நிறுத்துதல். நிறுத்தும் கட்டளையிட்டுப் பச்சை விளக்கு அடங்கிய பின்னரே மின்சாரத்தை நீக்குக. இதனை மாணவர் ஒவ்வொருவரும் பழகுதல் வேண்டும்.

இரண்டாவது, முறைமையைப் படிப்பதற்கு மட்டுமாக்குதல். அமைப்பு நிரலில் ‘ஓவர்லே’ என்னும் வசதியை இயக்கினால், முறைமை அட்டையில் எதையும் எழுதாது. மாற்றங்கள் யாவும் தற்காலிக நினைவகத்தில் நின்று, அணைத்ததும் மறையும். எல்லா அமைப்பு வேலைகளும் முடிந்த பின்னரே இதனை இயக்குக.

மூன்றாவது, பதிவைப் பிரித்து வைத்தல். மேற்கூறிய வசதி இயங்கும்போது மழைப்பதிவைத் தனியொரு பென் டிரைவில் எழுதவேண்டும். நாளுக்கொரு கோப்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால், திடீரென மின்சாரம் போயினும் இழப்பு பெரும்பாலும் பத்து நிமிட அளவோடு நிற்கும். முந்திய நாட்களின் கோப்புகளை வாரந்தோறும் பள்ளிக் கணிப்பொறிக்கு நகலெடுத்து வைத்தல் வேண்டும்.

நான்காவது, துணை மின்சாரம். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று குறித்த பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 37 வாட் மணி ஆற்றல் கொண்டது. மாற்றத்தில் நேரும் இழப்புப் போகச் சுமார் 30 எனக் கொள்வோம். பலகை 3 வாட் கொள்ளுமாயின் 10 மணி நேரம் இயங்கும். ஓரிரவுக்கு இது போதும். ஆனால் சில பவர் பேங்குகள் மின்சாரம் வரும்போதும் போகும்போதும் நொடிப்பொழுது வெளியீட்டை நிறுத்திவிடும். அத்தகையது இவ்வேலைக்கு உதவாது. மழைக்காலத்துக்கு முன்பே பலமுறை இணைத்தும் துண்டித்தும் சோதித்து அறிக.

கடிகாரம்

நான்காம் வகை வரையுள்ள ராஸ்பெர்ரி பை பலகைகளில், அணைத்திருக்கும்போதும் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையம் இருந்தால் நேரத்தை அங்கிருந்து பெற்றுக்கொள்ளும். இல்லாவிடில், தான் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே மீண்டும் எண்ணத் தொடங்கும். நள்ளிரவு 12 மணிக்கு அணைந்து 3 மணிக்கு எழுந்த கருவி, 3 மணி மழையை 12 மணி மழையாகப் பதியும். தவறான நேரத்துடன் கூடிய பதிவு, பதிவின்மையினும் தீது. ஏனெனில் அதனை யாரும் ஐயுறார். மின்சாரமும் இணையமும் ஒருங்கே அறும் மலைப்பகுதியில் இக்குறை பெரிது. ‘டி.எஸ். 3231’ என்னும் சில்லும் நாணய வடிவ பேட்டரியும் கொண்ட சிறு கடிகாரப் பலகையை இணைத்தால் இக்குறை நீங்கும். 2023 ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் வகையில் கடிகாரம் உள்ளேயே உண்டு. பேட்டரியை மட்டும் இணைக்கவேண்டும்.

ஆசிரியர்க்குச் சில பயிற்சிகள்

1. மாணவரை இருவர் இருவராக அமைத்து ஒரே பிம்பக் கோப்பின் சரிபார்ப்புக் குறியைக் கணக்கிடச் செய்க. பின்னர் ஓர் எழுத்துக் கோப்பில் ஒரே எழுத்தை மாற்றி, குறி எவ்வாறு மாறுகிறது என்று காட்டுக.

2. பதிவு ஏதுமில்லாத பழைய அட்டையொன்றில் முறைமையை எழுதி, அது இயங்கும்போது பலமுறை மின்சாரத்தைத் துண்டித்துப் பார்க்கச் செய்க. ஓவர்லே வசதியுடனும் இதனைச் செய்து ஒப்பிடுக.

3. மழைவாளி ஒரு முறை சாய்வது 0.2 மில்லிமீட்டர் மழையைக் குறிக்குமாயின், ஒரு மணி நேரத்தில் 150 முறை சாய்ந்தால் மழை எவ்வளவு? விடை: 30 மில்லிமீட்டர்.

4. கருவி காட்டும் 24 மணி நேரக் கூட்டுத்தொகையைக் காலை 8.30 மணிக்குச் சாதாரண மழைமானியின் அளவோடு நாள்தோறும் ஒப்பிடுக. வேறுபாடு மிகுமாயின் முதலில் ஐயுறவேண்டியது கருவியையே.

சரிபார்த்து எழுதிய அட்டையின் நகலொன்றைப் பெயரும் தேதியும் குறித்து, ஈரம் புகாத சிறு பெட்டியில் வைத்திருத்தல் வேண்டும். பருவமழையின் நடுவே முதல் அட்டை பழுதுபட்டால் மாற்று அட்டையைச் செருகிச் சில நிமிடங்களில் பணியைத் தொடரலாம். அட்டை போனால் வேறொன்று வாங்கலாம். பதியாமற்போன ஓர் இரவின் மழையை எவராலும் திரும்ப அளக்க முடியாது.